பளபளக்கும் சுவர் வேண்டுமா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

"தம்பி, சுவர் கொப்புளம் போடுகிறது" என்று உப்புவெளியிலிருந்து ஓர் அக்கா மார்கழி மாதத்தில் அழைத்தார். போய்ப் பார்த்தேன். பளிங்கு போல மினுங்கவேண்டிய வரவேற்பறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை பூச்சு புடைத்து, தொட்டால் தோலாக உரிந்தது. உரிந்த இடமெல்லாம் வெள்ளையாக உப்பு. பூசி மூன்று மாதம்கூட ஆகவில்லை. பூசியவரின் கைவேலை அவ்வளவு அழகு. பிழை அதற்கு அடியில் இருந்தது.

திருகோணமலையில் இருபது வருடங்களாகச் சுவர்ப்பூச்சு வேலை செய்கிறேன். சுவரைப் பளிங்கு போல மினுங்கவைக்கும் மெருகுப் பூச்சு கேட்டு வருகிறவர்கள் கைப்பேசியில் படம் காட்டி நிறத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நான் கேட்பது வேறு: வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம், கிணற்றுத் தண்ணீர் உவரா, மணல் எங்கே ஏற்றியது?

உவர்த் தண்ணீரிலோ கழுவாத கடல் மணலிலோ குழைத்த சாந்துக்குள் உப்பு தங்கிவிடும். வாடைக்காற்றோடு மழை தொடங்கியதும் நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும். உப்பு அதில் கரைந்து மேலே வந்து, ஈரம் உலர்கிற இடத்தில் மறுபடி உறைந்து பூச்சைத் தள்ளும். சாதாரண பெயின்ட் என்றால் சுரண்டிவிட்டு அடிக்கலாம். மெருகுப் பூச்சில் ஒட்டுப்போட்ட இடம் கண்ணை உறுத்தும். பெரும்பாலும் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் திரும்பச் செய்யவேண்டி வரும்.

ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர் அரும்பினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் என்றால் அது அறைக்காற்றின் ஈரம். தரையருகே, இடுப்பு உயரத்தில், குளியலறையை ஒட்டிய சுவரில் என மூன்று இடத்திலாவது பாருங்கள். உப்புப் பூத்திருந்தால் காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போய்விடும்.

மெருகு பூசுமுன் புதிய சீமெந்துப் பூச்சைக் காயவிட 28 நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கு. மழைக்காலத்தில் அதுவும் போதாது. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில்தான் நான் இந்த வேலையை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காற்றில் சுண்ணாம்பு சட்டென வறண்டு வெடிக்கும் என்பதால், யன்னல்களைச் சாத்தி, சுவரை நனைத்துத்தான் தொடங்குவோம்.

மெருகுப் பூச்சு என்ற ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்கின்றன. ஒன்று, நீற்றிய சுண்ணாம்பில் பளிங்குக்கல் தூள் சேர்த்தது. மெல்லிய அடுக்குகளாக இழுத்து, முற்றாகக் காயுமுன் உருக்குக் கரண்டியால் அழுத்தித் தேய்க்க மினுக்கம் வரும். காற்றின் காபனீரொட்சைட்டை உறிஞ்சி அது மெதுவாகத் திரும்பக் கல்லாகிறது. நீராவி அதனூடே வெளியேறும். மற்றது அக்ரிலிக். விரைவாகக் காயும், கறையைத் துடைக்கலாம். ஆனால் ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும். அக்காவின் சுவரில் இருந்தது அதுதான். உலர்ந்த உட்சுவருக்கு அக்ரிலிக்கை நான் குறை சொல்லமாட்டேன். உப்பேறிய சுவரில் சுண்ணாம்பு நின்றுவிடும் என்றும் நினைக்கவேண்டாம். அதையும் உப்பு பெயர்க்கும், சற்றுப் பிந்தி. பழைய பெயின்ட்டின் மேல் சுண்ணாம்பு நேரடியாகப் பிடிக்காது.

இரண்டடிப் பலகையில் மாதிரி செய்யச் சொல்லி, அதே அறையில் காலையும் இரவும் வைத்துப் பாருங்கள். யன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில் மினுக்கம் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். எலுமிச்சைச் சாறு, வினாகிரி பட்டால் சுண்ணாம்பு மெருகு மங்கிவிடும். எண்ணெய்ப் புகை படியும் சுவாமியறைக்கு வேண்டாம் என்றே சொல்லிவருகிறேன்.

வேலை நடக்கும்போது பிள்ளைகளைத் தயவுசெய்து அந்த அறைக்குள் விடாதீர்கள். ஈரச் சுண்ணாம்பு கடுமையான காரம். கண்ணில் பட்டால் பார்வையே கெடலாம். பட்டால் உடனே சுத்தமான தண்ணீரால் 20 நிமிடமாவது விடாமல் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

உப்புவெளி வீட்டில் பூச்சையும் அடிச்சாந்தையும் கல் தெரிய மூன்றடி உயரத்துக்கு வெட்டி எடுத்தோம். பூமரம் நடுவதற்காக வெளிச்சுவரோடு அணைத்து, உள்தரைக்கு மேலாகவே மண் நிரப்பியிருந்தார்கள். அதை அகற்றி, புதுச் சாந்து பூசி, அடுத்த ஆடி வரை சுவரைச் சும்மா விட்டோம். அக்காவுக்கு அது நீண்ட காத்திருப்பு. ஆடியில் ஒட்டிய தாள் காய்ந்தே இருந்தது. உட்சுவர் இரண்டுக்கு மட்டும் சுண்ணாம்பு மெருகு செய்தோம். கடலைப் பார்த்த சுவருக்கு வெறும் வெள்ளை அடித்தோம்.