புதிய சிகிச்சை என்கிறார்கள், பணம் யார் கட்ட வேண்டும்?

அக்காவுக்குப் பதினோரு வருடமாக முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி இறுகிப்போகும் நோய். காலையில் எழுந்தால் பேஸ்ட் மூடியைக்கூட யாராவது திறந்து கொடுக்க வேண்டும். போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில், ஸ்டெம் செல் (வேறு வகை செல்களாக வளரக்கூடிய மூல செல்) ஊசி போட்டால் மாத்திரையே தேவைப்படாது என்றார்கள். விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் மூன்றரை லட்சம் என்று பேனாவால் எழுதியும் கொடுத்தார்கள். "இது ஆராய்ச்சியில இருக்கிற சிகிச்சைங்க, அதனாலதான் இன்சூரன்ஸ்ல வராது" என்றார் கவுண்டரில் இருந்தவர். அக்கா அன்று இரவே வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டாள்.

அவர் சொன்ன அந்த ஒரு வரியிலேயே தப்பு இருக்கிறது என்று அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. இந்தியாவில் ஒரு சிகிச்சை ஆராய்ச்சியில்தான் இருக்கிறது என்றால், அந்த ஆராய்ச்சிக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐசிஎம்ஆர், 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. வழக்கமான சிகிச்சைக்கு ஆகும் செலவு வேறு. ஆராய்ச்சிக்காகக் கூடுதலாக ஆகும் மருந்து, ஊசி, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எதற்கும் பங்கேற்பவர் பணம் கட்ட வேண்டியதில்லை.

ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை விதி இன்னும் கறார். ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவைதான் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. மற்ற நோய்களுக்கு ஸ்டெம் செல் என்றால், அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்குள் மட்டுமே கொடுக்கலாம் என்கின்றன 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல்கள்.

அதனால் புதிய சிகிச்சை என்று யார் சொன்னாலும் முதலில் ஒன்று கேளுங்கள்: "இது அனுமதி பெற்ற சிகிச்சையா, ஆராய்ச்சியா?" ஆராய்ச்சி என்றால் அடுத்து சிடிஆர்ஐ எண் கேளுங்கள். நாட்டில் நடக்கும் மருத்துவப் பரிசோதனைகளுக்கான பதிவேடு அது. 2007-இல் தொடங்கியது, 2009 முதல் மருந்துப் பரிசோதனைகளுக்குக் கட்டாயம். எண்ணில் ஆண்டும் மாதமும் இருக்கும். இணையத்தில் போட்டுப் பார்த்தால் யார் நடத்துகிறார்கள், எந்த மருத்துவமனைகளில், யாரைச் சேர்க்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும். பார்க்கக் கட்டணம் கிடையாது. நாங்கள் எண்ணைக் கேட்டபோது அந்தக் கவுண்டரில், "அதெல்லாம் டாக்டர்கிட்ட கேளுங்க" என்றார்கள். டாக்டரிடமும் எண் இல்லை. வளையல்கள் தப்பித்தன.

சரி, உண்மையான பரிசோதனையில் சேர வாய்ப்பு வந்தால்? 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. சேரும் முன் ஒப்புதல் படிவம் தருவார்கள். உங்களுக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும், ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வேன்: பிரதி வாங்காமல் எழுந்து வராதீர்கள். பரிசோதனை முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரம் அதில்தான் இருக்கும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். இடையில் விலகிக்கொள்ள உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு, அதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.

பரிசோதனையின்போது உடல்நலக் கேடு ஏற்பட்டால் தேவைப்படும் காலம்வரை இலவச சிகிச்சை தர வேண்டும். பரிசோதனையால் வந்ததல்ல என்று உறுதியானால்தான் அதை நிறுத்தலாம். பரிசோதனையால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். அதை வயதுக்கான எண்ணாலும் நோயின் தீவிரத்துக்கான எண்ணாலும் பெருக்கி 99.37-ஆல் வகுக்க வேண்டும். 65 வயதானவருக்கு வயதுக்கான எண்ணும் அதே 99.37 என்பதால் கணக்கு எளிது: நடுத்தர ஆபத்துள்ள நோயாளி என்றால் தீவிர எண் 2, ஆக 16 லட்சம். வயது குறையக் குறையத் தொகை கூடும். நிரந்தர ஊனத்துக்கு இதே கணக்கை வைத்து, ஊனத்தின் சதவீதப்படி தருவார்கள். இழப்பீடு தரச் சொல்லும் உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் பரிசோதனையை நடத்தும் நிறுவனம் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பரிசோதனை முடிந்த பிறகும் அந்த மருந்து உங்களுக்குப் பலன் தருகிறது, வேறு மருந்து இல்லை என்றால், மருத்துவரின் பரிந்துரை, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு இலவசமாகத் தொடரவும் வழி உண்டு. பலர் இதைக் கேட்பதே இல்லை.

வெளிநாட்டில் விற்கும் மருந்து இங்கே கிடைக்கவில்லை என்றால், சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்யலாம். மருத்துவர் சீட்டோடு படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்தால் 12பி என்ற அனுமதி தருவார்கள். தேசியக் கொள்கையில் பட்டியலிட்ட அரிய நோய்களுக்கான மருந்து என்றால் 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரி கிடையாது. அந்த நோய்களுக்கு, அரசு குறித்துள்ள உயர் சிகிச்சை மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவியும் உண்டு.

இனி அனுமதி பெற்ற புதிய சிகிச்சைகள். அக்காவுக்கு உண்மையில் உதவியது இந்தப் பகுதிதான். மூட்டு மருத்துவர் எழுதிக் கொடுத்தது மோனோகுளோனல் ஆன்டிபாடி ஊசி, அதாவது உடலில் குறிப்பிட்ட ஒரு பொருளை மட்டும் குறிவைக்கும், ஆய்வகத்தில் தயாரித்த புரத மருந்து. இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் மறுத்தது: ஒரு ராத்திரிகூட அட்மிட் ஆகவில்லையாம். ஆனால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே 12 நவீன சிகிச்சை முறைகளைப் பட்டியலிட்டு, எந்த பாலிசியும் இவற்றை ஒதுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. ஊசியாகப் போடும் மோனோகுளோனல் ஆன்டிபாடி, வாய்வழி கீமோதெரபி, ரோபோ அறுவை சிகிச்சை எல்லாம் அதில் உண்டு. மருத்துவக் காரணம் இருந்தால், அட்மிட் ஆனாலும் சரி, அன்றே வீடு திரும்பும் டே-கேராக இருந்தாலும் சரி, கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் தருவோம் என்று பாலிசியில் உச்சவரம்பு வைக்கலாம். அடியோடு மறுக்க முடியாது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதம்.

மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நாங்கள் அதுவரை போகவில்லை. 2019 பட்டியலின் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஊசியின் வரியை மஞ்சள் பேனாவால் கோடிட்டு, மறுப்புக் கடிதத்தோடு குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினோம். பதினெட்டாம் நாள் பணம் வந்தது. இரண்டாவது ஊசியின் பில்லுக்கு யாரும் கேள்வியே கேட்கவில்லை.