எம்சிபி வயருக்குத்தான் காவல், உயிருக்கு அல்ல

"ஆர்சிசிபி அடிக்கடி ட்ரிப் ஆகிறது, அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடுங்கள், எம்சிபிதான் இருக்கிறதே" என்று கேட்பவர்களிடம் பொறுமையாகப் பேசுவது எனக்கு நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. ஆர்சிசிபி என்பது மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்; எம்சிபி என்பது மிகைச்சுமையிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் துண்டிக்கும் சுவிட்ச். குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்று அண்மையில் அழைக்கப்பட்ட வீட்டில், அந்த வேலையை யாரோ ஏற்கெனவே செய்து முடித்திருந்தார்கள். ஆர்சிசிபியின் மேல்முனைகளும் கீழ்முனைகளும் வயர்த் துண்டுகளால் இணைக்கப்பட்டிருந்தன. கீசரின் காயில் உறை வெடித்திருந்தது. அதன் எர்த் வயரோ பிளக்கிற்குள் கழன்று கிடந்தது.

எம்சிபி ஷாக்கைத் தடுக்கும் என்ற நம்பிக்கையைத் தயவுசெய்து கைவிடுங்கள். நனைந்த உடலின் மின்தடை 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் உடல் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க அது போதும். ஆனால் 16 ஆம்பியர் எம்சிபிக்கு அது 50 வாட் பல்ப் ஒன்று எரிவதைப் போன்ற சுமைதான். அது ஏன் விழ (ட்ரிப் ஆக) வேண்டும்? வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதே அதன் பணி: மிகைச்சுமையில் ஈருலோகப் பட்டை வளைந்தும், ஷார்ட் சர்க்யூட்டில் கம்பிச்சுருளின் காந்தவிசை இழுத்தும் இணைப்பைத் துண்டிக்கும்.

ஆர்சிசிபி பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை அன்று, கணக்கை. பேஸும் நியூட்ரலும் ஒரே காந்த வளையத்தின் ஊடே செல்கின்றன. போனதும் திரும்புவதும் சமமாக இருக்கும்வரை அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கசிவினால் 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, எஞ்சிய புலம் அந்த வளையத்தில் சுற்றப்பட்ட மூன்றாவது சுருளில் மின்னழுத்தத்தைத் தூண்டி, நொடியின் சிறு பகுதிக்குள் கருவியை விழச் செய்யும்.

ஆகவே, அது விழுந்தால் எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எதை மாட்டும்போது விழுகிறதோ அந்தச் சாதனத்தைப் பழுது பார்க்கும்வரை தொடாதீர்கள். எதுவும் மாட்டாமலேயே விழுந்தால் கோளாறு பெரும்பாலும் வயரிங்கில் இருக்கிறது. நியூட்ரல் எர்த்தைத் தொட்டிருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் இன்சுலேஷன் சோதனை செய்து சொல்ல வேண்டும். மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள்; விழவில்லையென்றால் அன்றே மாற்றுங்கள். அந்தப் பொத்தான் எர்த் இணைப்பைச் சோதிப்பதில்லை, அதைத் தனியே அளக்க வேண்டும். ஒரு கையில் பேஸும் மறுகையில் நியூட்ரலும் பட்டால் ஆர்சிசிபிக்கும் அது தெரியாது என்பதால், வேலை செய்யும் முன் மெயினை அணைத்துவிடுங்கள்.