போலீஸ், காவல், காவல்துறைச் சீர்திருத்தம்: சொல் விளக்கம்

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு ரெண்டு போலீஸையும் நன்றாகத் தெரியும். ஆல்பேட்டை சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்வது தமிழ்நாட்டுப் போலீஸ், முள்ளோடை தாண்டினால் சிவப்புக் கெப்பி வைத்துக்கொண்டு நிற்பது புதுச்சேரிப் போலீஸ். கெப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன தொப்பி. புதுச்சேரியில் பெரியகடையோ ஒதியஞ்சாலையோ, இந்தப் பக்கம் கடலூர் புதுநகரோ, பலகையில் இருப்பது 'காவல் நிலையம்'. வாயில் வருவது மட்டும் 'போலீஸ் ஸ்டேஷன்'.

முதலில் போலீஸ். கிரேக்கத்தில் 'பொலிஸ்' என்றால் நகரம். அதிலிருந்து 'பொலிதேயா', அதாவது நகரை ஆளும் முறை, அது லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் 'போலீஸ்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் லத்திக்கும் தொப்பிக்கும் இந்தச் சொல்லோடு சம்பந்தமே இல்லை. 1667இல் பதினான்காம் லூயி பாரிஸுக்கு லா ரெனி என்பவரைப் போலீஸ் தலைவராகப் போட்டபோது, தெருவிளக்கு ஏற்றுவதும் குப்பை அள்ள வைப்பதும்கூட அவர் வேலைதான். பாலிடிக்ஸும், அரசாங்கத்தின் பாலிசியும் இதே வேரில் முளைத்தவை. (எல்.ஐ.சி. பாலிசி இந்தக் குடும்பம் இல்லை, அது வேறு கிரேக்கச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாக வந்தது.) ஈழத்தில் இன்றும் 'பொலிஸ்' என்றே எழுதுகிறார்கள்.

இந்தச் சொல் வருவதற்கு முன்னால் நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஊர்க்காவல் பொறுப்பு 'நயினார்' என்ற பதவிக்காரரிடம் இருந்தது. மதராஸில் அதே வேலை பெத்தநாயக்கரிடம், பெத்துநாயக்கன்பேட்டை என்ற பெயர் அப்படி வந்ததுதான். வடக்கிலிருந்து கொத்தவாலும் (நகரக் காவல் தலைவர்) டாணாவும் (காவல் நிலையம்) வந்தன. 'டாணாக்காரர்', 'போலீஸ் கச்சேரி' என்பதெல்லாம் பழைய ஆட்கள் வாயில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. ஏட்டு என்பது ஏடு சம்பந்தப்பட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு, இல்லை, ஹெட் கான்ஸ்டபிளில் உள்ள ஹெட் தேய்ந்து ஏட்டு ஆகி, மரியாதை சேர்ந்து ஏட்டையா ஆனது.

இனி காவல். வேர் 'கா', காப்பாற்று என்று பொருள். காவல் மரம், காவற்காடு, காவல் தெய்வம், பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக் காவல், எல்லாம் ஒரே வேர்தான். குறளில் 'காவலன்' என்றால் அரசன்; 'காவலன் காவான் எனின்' பசு பால் குறையும் என்று, காக்காதவனைக் கேள்வி கேட்கும் தொனியிலேயே அந்தச் சொல் வருகிறது. சிலப்பதிகாரத்தில் 'ஊர்காப்பாளர்' வருகிறார்கள். பாண்டியன் அவர்களைக் கூப்பிட்டு, ராணியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்கிறான். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, மேலிடத்து உத்தரவு ஒன்று போதும், கோவலன் உயிர் போனது.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. காப்பதும் காவல்தான், பிடித்து அடைப்பதும் காவல்தான். 'நீதிமன்றக் காவல்', 'போலீஸ் காவல்' என்று செய்தித்தாளில் தினம் படிக்கிறோம், 'காவல் மரணம்' என்றும் படிக்கிறோம். கடலூர் மாவட்டக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1992இல் சிதம்பரம் அண்ணாமலை நகர் ஸ்டேஷன், 1993இல் கம்மாபுரம் ஸ்டேஷன், இரண்டிலும் விசாரணைக்கு அழைத்துப்போனவர் செத்துப்போனார். கம்மாபுரத்தில் போலீஸ் சொன்ன கதை, ஆள் காவலில் இருந்து தப்பி ஓடிவிட்டார் என்பது. மனைவி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, பல வருஷம் அலைந்த பிறகுதான் போலீஸ்காரர்களுக்குத் தண்டனை கிடைத்தது.

பழைய காவல் முறையில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. ஊரார் காவல்காரருக்கு விளைச்சலில் பங்கோ கூலியோ கொடுப்பார்கள், பதிலுக்குத் திருட்டுப் போனால் அவர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இதை ஆகா ஓகோ என்று கொண்டாட நான் வரவில்லை. சாதி ஆதிக்கம், காவல் கூலி தராத ஊரில் தாங்களே கைவரிசை காட்டுவது என்று அதில் அத்தனை அழுக்கும் உண்டு. ஆனால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதில் தெளிவாக இருந்தது. வெள்ளைக்காரன் அதை மாற்றினான். வரி வசூலுக்காக ஆட்களைச் சித்திரவதை செய்வது பற்றி மதராஸ் மாகாணத்தில் விசாரணைக் கமிஷன் போட்டு 1855இல் அறிக்கை வந்தது, 1859இல் மதராஸ் போலீஸ் சட்டம், 1861இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்கான போலீஸ் சட்டம். அந்தப் படைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது லண்டன் போலீஸை அல்ல, அயர்லாந்தில் அடங்காத மக்களை அடக்கிவைத்த ஆயுதப் போலீஸை. சம்பளம் கவர்மெண்டிலிருந்து, உத்தரவு மேலேயிருந்து, பதிலும் மேலே சொன்னால் போதும். சுதந்திரம் வந்தது, 1954இல் புதுச்சேரியும் இந்தியாவோடு வந்தது, அந்த அமைப்பு மட்டும் பெரிதாக அசையவில்லை.

சர்வாதிகாரம், நிறவெறி, அந்நிய ஆட்சி எதிலிருந்தாவது வெளியே வந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் இதே தலைவலிதான்: பழைய எஜமானுக்குப் பழக்கிய போலீஸை வைத்துக்கொண்டு புது ஆட்சி நடத்துவது எப்படி? பெரும்பாலும் பெயரில் கை வைக்கிறார்கள். போலந்தில் கம்யூனிஸ்ட் காலத்தில் 'மிலிசியா' என்றிருந்ததை 1990இல் 'போலீஸ்' ஆக்கினார்கள். ரஷ்யா 2011இல் அதையே செய்தது, உக்ரைன் 2015இல். நமக்குக் கசக்கிற சொல் அவர்களுக்குச் சீர்திருத்தத்தின் பெயர்! தென்னாப்பிரிக்காவில் 1995இல் பெயரோடு 'சேவை' சேர்த்து, ராணுவப் பதவிப் பெயர்களையும் எடுத்தார்கள். 2010இல் ஜெனரல், கர்னல் எல்லாம் திரும்பி வந்தன. 2012இல் மரிக்கானாவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களில் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜார்ஜியாவில் லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துப் போலீஸைக் கூண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புதிதாக ஆள் எடுத்தார்கள், ஸ்டேஷன்களைக் கண்ணாடியில் கட்டினார்கள். சாலையில் லஞ்சம் நன்றாகவே குறைந்தது. ஆனால் ஆட்சியாளர் சொன்னால் போலீஸ் கேட்கும் என்பது அங்கேயும் போகவில்லை.

இங்கே பிரகாஷ் சிங் என்ற ஓய்வு பெற்ற டி.ஜி.பி. 1996இல் உச்ச நீதிமன்றம் போய், 2006 செப்டம்பர் 22இல் தீர்ப்பு வாங்கினார். டி.ஜி.பி.க்கு இரண்டு வருஷமாவது நிலையான பதவிக்காலம், புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, மக்கள் போய்ப் புகார் சொல்லத் தனி ஆணையம் என்று அதில் கட்டளைகள். தமிழ்நாடு 2013இல் சட்டம் போட்டது. போலீஸ் மீதான புகாரை விசாரிக்கும் மாநில ஆணையத்துக்கு யார் தலைவர் தெரியுமா? உள்துறைச் செயலாளர். டி.ஜி.பி. உறுப்பினர். மாமியார் மேல் புகாரை மாமனாரிடம் கொடுக்கிற கதை. ஓய்வு பெற்ற நீதிபதியைத் தலைவராகப் போட வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் கருத்து.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? பேச்சில் போலீஸ் இருக்கட்டும், வேரூன்றிவிட்ட சொல், பிடுங்க வேண்டியதில்லை. எழுத்தில் துறைக்குக் 'காவல்துறை', ஆளுக்குக் 'காவலர்'. 'காவல்துறைச் சீர்திருத்தம்' என்று ச் போட்டு எழுதுங்கள். சிலர் 'சீரமைப்பு' என்கிறார்கள், அது குண்டும் குழியுமான ரோட்டுக்கும் வெள்ளத்தில் இடிந்த பாலத்துக்கும் போடுகிற சொல், குணம் மாற வேண்டிய இடத்தில் சீர்திருத்தமே பொருந்தும். மேலே சொன்ன போலந்து, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளை 'வளர்ந்துவரும் ஜனநாயகங்கள்' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. 'புதிதாக மக்களாட்சிக்கு வந்த நாடுகள்' என்றால் யாருக்கும் புரியும். செய்த காரியத்துக்கு மக்களிடம் பதில் சொல்லும் கடமைக்கு ஈழத் தமிழர் 'பொறுப்புக்கூறல்' என்று எழுதுகிறார்கள், கச்சிதமான சொல், நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் 'லாக்கப் டெத்' என்று தமிழ் எழுத்தில் போடுவதைவிடக் 'காவல் மரணம்' என்றே எழுதுங்கள். காக்க வேண்டிய இடத்தில் செத்தார் என்பது அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.