பஞ்சால் துடைக்க முடியாத ஃபேஷன் கல்யாணத்துக்கு வேண்டாம்

இந்த சீசனில் சென்னை தண்டையார்பேட்டை மண்டபம் ஒன்றில் என்னிடம் மேக்கப்புக்கு உட்கார்ந்த மணப்பெண்ணின் புருவத்தில் பொருக்கு உதிர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது போய் மைக்ரோபிளேடிங் செய்திருக்கிறாள். ஒரு புருவம் கருகருவென்று இருக்கிறது, இன்னொன்று திட்டுத் திட்டாக. ஏம்மா என்றால், "இப்போ எல்லாரும் இதான் பண்றாங்கக்கா, ரீல்ஸ்ல பார்த்தேன்" என்கிறாள். பக்கத்தில் அம்மா அழுகிறார். இது முதல் பெண் இல்லை. வருஷத்துக்கு வருஷம் இப்படி வருகிறவர்கள் கூடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மைக்ரோபிளேடிங் பென்சிலால் வரைவது இல்லை. தோலைக் கீறி உள்ளே நிறத்தை இறக்குவது. முதல் சில நாள் அடர்த்தியாகத் தெரியும், அப்புறம் பொருக்குக் கட்டி உதிரும், நிறம் நிலைக்க ஒரு மாதம், ஒன்றரை மாதம்கூட ஆகும். ஆறாத தோலின்மேல் நான் ஃபவுண்டேஷன் வைக்க மாட்டேன், யாரும் வைக்கக் கூடாது. தொண்ணூறுகளில் நூல் மாதிரி மெல்லிய புருவம்தான் ஃபேஷனாக இருந்தது. அன்றைக்குப் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தவர்களில் பலருக்கு இன்றுவரை முடி திரும்ப முளைக்கவே இல்லை.

"ட்ரெண்டியா போடலாமா, டிரெடிஷனலா போடலாமா?" என்று கேட்கிற எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பஞ்சும் ரிமூவரும் வைத்துத் துடைத்தால் அது போய்விடுமா? போகும் என்றால் ஆசைப்பட்டதைச் செய்துகொள்ளுங்கள். போகாது என்றால் கல்யாணத்தைச் சாக்காக வைத்து அதைத் தொடாதீர்கள்.

இப்போது என்னை அதிகம் வாட்டுவது "க்ளாஸ் ஸ்கின்", அதாவது கண்ணாடி மாதிரி பளபளக்கிற முகம். போனை நீட்டி, "இதே மாதிரி வேணும்கா" என்கிறார்கள். 2017 வாக்கில் கொரியாவிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய பேச்சு இது. அங்கே அது மேக்கப்பே இல்லை, மாதக்கணக்கில் தோலைப் பராமரிப்பதற்குப் பெயர். என் பெட்டியில் க்ளாஸ் ஸ்கின் என்று ஒரு டப்பா கிடையாது. நீங்கள் பார்க்கிற வீடியோ, மேக்கப் முடிந்த உடனே ரிங் லைட் முன்னால், ஏசி அறையில், அதுவும் பல சமயம் ஃபில்டர் போட்டு எடுத்தது. மூன்று மணி நேரம் கழித்து அந்த முகம் எப்படி இருந்தது என்று யாரும் வீடியோ போடுவதில்லை. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை நமக்குக் கடல்காத்து, புழுக்கம். ஹோமம் வளர்த்ததும் ஃபேனை நிறுத்திவிடுவார்கள். ஈரப்பளபளப்பாக விட்ட முகத்தில் வியர்வையும் எண்ணெயும் சேரும், புகையும் சாம்பல் தூளும் அப்படியே ஒட்டும். ஃப்ளாஷ் அடித்தால் பளபளப்பு எது, எண்ணெய் எது என்று படத்தில் பிரிக்கவே முடியாது. நெற்றி, மூக்கு, தாடை மூன்றையும் பவுடர் போட்டு அடக்கிவிட்டு, கன்னத்து எலும்பின்மேல் மட்டும் கொஞ்சம் மினுமினுப்பு வைத்தால் போதும். இதைச் சொன்னால் "ஓல்டு ஸ்டைல்" என்கிறார்கள். இல்லைம்மா, இது நம்ம ஊர் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் ஏற்ற ஸ்டைல்.

எச்.டி., ஏர்பிரஷ் என்று பேக்கேஜ் பெயரைப் பார்த்து மயங்குவதும் இதே கதைதான். ஏர்பிரஷ் என்பது கம்ப்ரசர் வைத்துத் தெளிக்கும் முறை. எச்.டி. என்பது துல்லியமான கேமராவிலும் திட்டாகத் தெரியாதபடி மெல்லியதாகப் போடுவது. பெயருக்காகக் காசு கொடுக்காதீர்கள். என்ன ஃபவுண்டேஷன், எந்த ஷேடு என்று கேளுங்கள்.

உதட்டுக்கு வருவோம். 2017 டிசம்பரில் இத்தாலியில் நடந்த அனுஷ்கா சர்மா கல்யாணத்தில் அவர் வெளிர் ரோஸ் லெஹங்கா கட்டியிருந்தார். வெளிர் நிறம் ஊரெல்லாம் பரவியது, கூடவே தோல் நிறத்தை ஒட்டிய நியூட் லிப்ஸ்டிக்கும். அந்த லெஹங்காவுக்கு அது அழகு. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் பார்த்துப் பார்த்து எடுத்த அரக்குப் பட்டு, பச்சை பார்டர், நெற்றிச்சுட்டி, தலை நிறைய மல்லி, கழுத்து நிறைய நகை. இத்தனைக்கும் நடுவில் நியூட் உதடு இருந்தால் படத்தில் வாயே தெரியாது, காய்ச்சலில் எழுந்து வந்தவள் மாதிரி இருக்கும். முகூர்த்தத்துக்குச் சிவப்போ, மெரூனோ, செங்கல் நிறமோ வையுங்கள். முந்தின நாள் ரிசப்ஷன் உங்களுடையது. நியூட், க்ளிட்டர், க்ராஃபிக் லைனர் என்று எல்லா ஆசையையும் அன்றைக்குத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "பொண்ணு பளிச்சுனு தெரியணும், ரெண்டு ஷேடு தூக்கிப் போடும்மா" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். மாநிறத்தின்மேல் வெளிர் ஷேடு போட்டால் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். தாலி கட்டுகிற க்ளோசப்பில் முகம் மட்டுமா வருகிறது? கழுத்தும் காதும் கையும் சேர்ந்துதான் வருகிறது. உங்கள் பெண்ணின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

கண்ணில் போடுகிற கலர் லென்ஸ் பற்றிச் சுருக்கமாக. சாம்பல் நிற லென்ஸ் ஆசை இருந்தால், முதலில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள். தோழியுடையதை வாங்கிப் போடாதீர்கள். ரிசப்ஷன் முடிய ராத்திரி பதினொன்று ஆகும், முகூர்த்தம் நாலரை-ஆறு. "ரெண்டு மணி நேரம்தானே" என்று லென்ஸோடு தூங்கிவிட்டு, விடியற்காலையில் செக்கச் செவேலென்ற கண்ணோடு வருகிறார்கள். அந்தக் கண்ணோடு ஹோமப் புகையில் உட்கார வேண்டும். ஹோமத்துக்கு லென்ஸே வேண்டாம்.

மேக்கப் ட்ரையலை ஆடி மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கும் நேரம் இருக்கும். முகூர்த்தப் புடவையையும் பிளவுஸையும் எடுத்து வாருங்கள். ட்ரையல் முடிந்ததும் உடனே முகம் கழுவாதீர்கள். அப்படியே வீட்டுக்குப் போய் அடுப்படியில் நில்லுங்கள், ராத்திரி ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சிலவகை சன்ஸ்க்ரீனும் பவுடரும் ஃப்ளாஷில் முகத்தை வெள்ளையாகக் காட்டும். அது அன்றைக்கே தெரிந்துவிடும்.

கடையில் வாங்கி முகத்துக்கு ஏதாவது க்ரீம் போடுகிறீர்களா? சிவப்பழகு என்று சொல்லிக் கைமாறுகிற பல ட்யூபுகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. மருத்துவர் சொல்லாமல் முகத்தில் தடவவே கூடாத மருந்து அது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும், சட்டென்று நிறுத்தினால் சிவந்து எரியும், பருவாகக் கிளம்பும். அதனால் புக் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டோம். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அந்த ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். கல்யாணத்துக்கு மூன்று மாதமாவது இருக்கும்போது போங்கள்.