கீழத்தெரு, மூன்றாவது வீடு

“சித்தப்பா, கட்டளை ஓடியது, பிழை எதுவும் வரவில்லை. ஆனால் ஃபோல்டரைக் காணோம்” என்றாள் அண்ணன் மகள். கும்பகோணத்தில் பி.சி.ஏ. படிக்கிறாள். பைத்தானில் வலைத்தளம் கட்ட உதவும் ஜாங்கோவை அன்றுதான் நிறுவியிருந்தாள். டி டிரைவில் ‘வேலை’ என்ற ஃபோல்டரைத் திறந்து காட்டினாள். காலி.

அவள் கொடுத்தது ஜாங்கோவின் ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கட்டளை. புதிய தளத்துக்கான ஃபோல்டரையும் தொடக்கக் கோப்புகளையும் உருவாக்கித் தருவது அதுதான். வேலை முடிந்தால் வாயே திறக்காது. பிழை இல்லையென்றால் ஃபோல்டர் உண்டாகியிருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

டெல்டாவில் கிழக்கு என்றால் ‘கீழ’. ஊருக்கு ஊர் ஒரு கீழத்தெரு உண்டு. ‘கீழத்தெரு, மூன்றாவது வீடு’ என்று மட்டும் சொல்லி ஆளை அனுப்பினால், எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊர்க் கீழத்தெருவுக்குத்தான் போவார். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் இப்படி ‘நிற்கும் ஊர்’ ஒன்றை இயங்குதளம் குறித்து வைத்திருக்கிறது. அதுதான் நடப்பு ஃபோல்டர். கட்டளைகளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் ப்ராம்ப்ட் எங்கே நிற்கிறதோ, அதிலிருந்து கிளம்பும் ஜாங்கோவும் அங்கேதான் நிற்கும். ‘மைசைட்’ என்று பெயரை மட்டும் கொடுத்தால் அந்த இடத்திலேயே கட்டிவிடும்.

யாரோ சொன்னார்கள் என்று இவள் அட்மினிஸ்ட்ரேட்டராக ப்ராம்ப்டைத் திறந்திருந்தாள். அப்படித் திறந்தால் அது சி டிரைவில், விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டரில் போய் நிற்கும். பிறகு, ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் போக உதவும் ‘சிடி’ கட்டளையைப் போட்டு டி டிரைவின் முகவரியை அடித்திருக்கிறாள். இங்கேதான் பொல்லாத பொறி. கமாண்ட் ப்ராம்ப்டில் வெறும் ‘சிடி’ டிரைவ் விட்டு டிரைவ் தாண்டாது. கூடவே ஒரு சாய்கோடும் ‘டி’ எழுத்தும் (cd /d) வேண்டும். தாண்டவில்லை என்று அது முறையிடவும் செய்யாது. வரியின் தொடக்கத்தில் ‘சி’ அப்படியே நின்றதை இவள் கவனிக்கவில்லை.

“அதே கட்டளையை இன்னொரு முறை கொடு” என்றேன். ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுத்தது. அந்த மறுப்பிலேயே முழு முகவரி: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, மைசைட். தேடுவதற்கு இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது. வேறெதையும் தொடாமல் அந்த ஒன்றை மட்டும் அழிக்கும்படி மூன்று முறை சொன்னேன்.

சரியான இடத்தில் மறுபடி உருவாக்கியதும் அடுத்த சந்தேகம்: மைசைட்டுக்குள் இன்னொரு மைசைட். “இரண்டு தடவை வந்துவிட்டதா?” இல்லை. வெளியே இருப்பது வெறும் உறை. அதன் பெயரை மாற்றினாலும் ஜாங்கோ கண்டுகொள்ளாது. உள்ளே இருப்பது செட்டிங்ஸ், யுஆர்எல்ஸ் கோப்புகள் அடங்கிய பைத்தான் தொகுப்பு. அதன் பெயரைத் தொட்டால் தளம் எழுந்திருக்காது. கட்டளையின் கடைசியில் இடைவெளி விட்டு ஒரு புள்ளி வைத்தால் அந்த உறையும் இல்லாமல், நிற்கும் ஃபோல்டரிலேயே எல்லாம் இறங்கும். அதைப் பார்த்தும் ‘ஃபோல்டர் வரவில்லை’ என்பவர்கள் உண்டு.

“பக்கங்களின் எச்டிஎம்எல் அச்சுகளை வைக்கும் டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டரையும் காணோமே?”

அதை ஸ்டார்ட்ப்ராஜெக்ட் உருவாக்குவதே இல்லை. நாமே உருவாக்கி, அது இருக்கும் இடத்தைச் செட்டிங்ஸ் கோப்பிலும் எழுத வேண்டும் என்றேன். “இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்” என்று முனகிக்கொண்டே ரைட் கிளிக் செய்தாள்.