வீட்டில் டிஸ்கஸ் குஞ்சு எடுக்கப் போகிறீர்களா? எந்தக் கந்தோரில் எதைக் கேட்கலாம்

கல்லடியில் ஒரு தம்பி நாலு கண்ணாடித் தொட்டி செய்வித்து, கொழும்பிலிருந்து இரண்டு சோடி டிஸ்கஸ் அலங்கார மீனும் இறக்கிய பிறகு வந்து கேட்டார்: "அண்ணன், இதுக்கு லைசன்ஸ் எடுக்கணுமா? அரசாங்கம் ஏதும் உதவி தருமா?" காசு இறங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதே எண்ணத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம், குறித்துரைக்கப்பட்ட வகை நீருயிரின வளர்ப்புகளுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கிறது. வரவேற்பறையில் அழகுக்கு வைக்கும் தொட்டியை யாரும் தொழில் என்று சொல்வதில்லை. குஞ்சு எடுத்து விற்கத் தொடங்கினால் கதை வேறு. உங்கள் தொட்டிகளின் எண்ணிக்கை, அளவு, விற்கும் நோக்கம் மூன்றையும் எழுதி, "எனக்கு அனுமதிப்பத்திரம் தேவையா?" என்று தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபைக்கு, அதாவது நாம் சொல்லும் நக்டாவுக்கு, ஒரு கடிதம் கொடுங்கள். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். நாளைக்கு அது கைகொடுக்காது.

நக்டா 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அலங்கார மீன் வளர்ப்புக்கென்றே குருநாகல் மாவட்டத்து ரம்பொடகல்லவில் அதற்கு ஓர் இனப்பெருக்க, பயிற்சி நிலையம் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் இங்கினியாகலையில் இருக்கும் நிலையம் பெரும்பாலும் குளங்களில் விடும் உணவு மீன் குஞ்சுகளுக்கானது. டிஸ்கஸ் சோடி தேடி அங்கே பஸ் ஏற வேண்டாம். பயிற்சி எப்போது, யாரிடம் விண்ணப்பிப்பது என்பதை உங்கள் பகுதி விரிவாக்கல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

மானியமும் தொட்டி உதவியும் ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்து மாறும். "இந்த வருசம் இல்லை" என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பினால் மனம் சோர வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, இந்த ஆண்டு என்ன திட்டம், எந்த அடிப்படையில் ஆட்களைத் தெரிவு செய்தார்கள் என்று தகவல் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள். தமிழில் பதில் பெறுவது அரசியலமைப்பு தந்த உரிமை; கொழும்புக் கந்தோர் என்றாலும் அதேதான்.

சொந்தப் பெயரில் அல்லாமல் கடைப்பெயர் வைத்து விற்பதானால், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். கிராம சேவகரின் உறுதிப்படுத்தல் கேட்பார்கள். வங்கியில் கடன் கேட்கும்போதும் இந்தப் பதிவுதான் முதலில் மேசையில் இருக்க வேண்டும். பிரதேச சபையிலோ மாநகர சபையிலோ வியாபார உரிமம் பற்றியும் விசாரித்துவிடுங்கள். ஏற்றுமதிச் சுகாதாரச் சான்றிதழ் ஏற்றுமதியாளரின் வேலை. அவருக்குக் குஞ்சு கொடுக்கும் வீட்டுக்காரர் அதற்காக அலைய வேண்டாம். சோடி வாங்கிய பற்றுச்சீட்டை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

இத்தனை கடதாசியும் சரியாக இருந்தும் தண்ணீர் பிழைத்தால் ஒரு குஞ்சும் வராது. டிஸ்கஸ் அமேசன் ஆற்று மீன். அதற்கு மென்மையான, சற்றே அமிலத்தன்மையான தண்ணீர் வேண்டும்: பி.எச். 5.5 முதல் 6.5, வெப்பம் 28 முதல் 30 பாகை செல்சியஸ். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணலில் தோண்டிய நம் கிணறுகள் பலவற்றில் உப்பும் சுண்ணாம்பும் கூடுதல். கடின நீரில் முட்டையின் தோல் இறுகிவிடுகிறது, கரு பிடிப்பதில்லை. கல்லடித் தம்பிக்கு மூன்று தரம் முட்டை வெள்ளையாகிப் போனது இதனால்தான் என்பது என் எண்ணம். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் என்றாலும் குளோரீன் போக ஒரு நாள் காற்றடித்து வைத்துத்தான் ஊற்ற வேண்டும். நமக்கு வாய்த்த பெரிய வரம் மாரி மழை. ஐப்பசி முதல் தை வரை, முதல் மழையில் கூரை கழுவுண்ட பிறகு பிடித்து வைத்த நீரில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள். வெறும் மழைநீரில் பி.எச். திடீரென்று சரிந்துவிடும்.

ஒரு சோடிக்கு 45 சென்ரிமீற்றர் நீள, அகல, உயரத் தொட்டி போதும். ஏறக்குறைய 90 லீற்றர் பிடிக்கும். அடியில் மணல் வேண்டாம். ஒரு ஸ்பொஞ்ச் பில்டரும், முட்டையிட ஒரு மண்கூம்பும் வையுங்கள். மார்கழி இரவுக்கு ஹீற்றர் அவசியம். முட்டை பொரிக்க இரண்டரை, மூன்று நாள். நீந்த இன்னும் இரண்டு, மூன்று நாள். நீந்தியதும் குஞ்சுகள் தாய் தகப்பன் உடலில் ஊறும் சளியைத்தான் தின்னும். அதைப் பார்க்கும்போது பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். அந்த நாட்களில் பெற்றோரைப் பிரிக்காதீர்கள், தொட்டியருகே பிள்ளைகளை ஓடவிடாதீர்கள்.

மிஞ்சிய குஞ்சுகளை வாவியிலோ குளத்திலோ விடவே வேண்டாம். வெளிநாட்டு மீன் நம் நீர்நிலைக்குள் போகக் கூடாது. எந்தக் கடிதம் கொடுத்தாலும் அதன் பிரதியில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொண்டே திரும்புங்கள். தகவல் கேட்ட கடிதத்துக்கு 14 வேலை நாள் கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான்.