லாரி ஓட்டப் போகும் முன் உங்கள் தூக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள்

நாமக்கல் பக்கம் டாக்டராக இருந்தால் ஹெவி லைசென்ஸுக்கான மெடிக்கல் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடுவது அன்றாட வேலைகளில் ஒன்று. முன்பு கிளீனராக வண்டியேறி, ஓட்டப் பழகி, அப்புறம் லைசென்ஸ் எடுக்க வந்த இளவட்டங்கள்தான் அதிகம். இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியவர்களும் நிறைய வருகிறார்கள். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டியவர், கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தவர், ஃபைனான்ஸ் கம்பெனியில் வசூலுக்கு அலைந்து வெறுத்துப்போனவர். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “கண்ணு, காது சரியா இருந்தா போதுமுங்களா சார்?”

போதாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நிரப்பும் படிவம் 1-ஏ சில விஷயங்களைக் கேட்கிறது. நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா, மாலைக்கண், காது மந்தம், வலிப்பு, தலைசுற்றல் ஏதாவது உண்டா. பத்து நிமிட வேலை. லாரி டிரைவரின் உயிர் உண்மையில் எதில் தொங்குகிறதோ அந்தத் தூக்கத்தைப் பற்றி நான்தான் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

சமீபத்தில் ஒருவர் மனைவியோடு வந்தார். மளிகைக்கடை நொடித்துப்போய், கடனை அடைக்க லைன் வண்டிக்கு, அதாவது தொலைதூர லாரிக்கு, போகலாம் என்று முடிவு செய்திருந்தார். குறட்டை உண்டா என்றேன். “பெருசா ஒண்ணுமில்லைங்க” என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை: “நடுவுல மூச்சே நின்னு போயிருமுங்க டாக்டர், நான்தான் உசுப்பி உடுவேன்.” கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடியே கண் சொருகிவிடுமாம், காலையில் எழுந்தால் தலைவலி, பிரஷர் 150-ஐத் தாண்டி இருந்தது, கழுத்தும் நல்ல தடிமன். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயின் அடையாளங்கள் இவை. இரவு முழுக்கப் படுத்திருந்தாலும் உடம்புக்குத் தூக்கம் கிடைப்பதில்லை. தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன், சிகிச்சை எடுத்துச் சரியான பிறகு வாருங்கள் என்றேன். கோபமாகத்தான் போனார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்க முடியாது.

இந்த நோய் இல்லாதவருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருடைய அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1990-களிலேயே ஆய்வில் கண்டார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்தான். அதாவது சொட்டு மது தொடாமலே ஒருவர் சட்டம் சொல்லும் வரம்பைத் தாண்டிய நிலையில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கலாம். அறுபதில் போகும் வண்டி மூன்று விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். கண் சொக்குவதற்கு அந்த மூன்று விநாடி போதும், அதுவும் விடிகாலை இரண்டு முதல் ஐந்து வரை உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம்.

பதினேழு மணி நேரம் யார் ஓட்டப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். ஓட்டவே வேண்டியதில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, கம்பெனி வாசலில் வரிசையில் நின்று, வெயிலில் கொதிக்கும் கேபினில் புரண்டு, சாயங்காலம் லோடு ஏற்றி, தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி, பில் கைக்கு வரும்போது இரவு பத்து. முதல் கிலோமீட்டர் ஓட்டும் முன்னமே பதினேழு மணி நேரம் ஆகிவிட்டது. வெளியிலிருந்து வருபவர்கள் கணக்கில் எடுக்காதது இந்தக் காத்திருப்பைத்தான். 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தது. சரக்கோடு கொண்டுபோகும் ஜிஎஸ்டி அனுமதிச் சீட்டான இ-வே பில்லும் சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் அவகாசம் தருகிறது. அவசரம் வருவது சம்பளக் கணக்கிலிருந்து. ட்ரிப்புக்கு இவ்வளவு, வாடகையில் இத்தனை சதவீதம், அதோடு படி என்று பேசும்போது, தூங்கும் ஒவ்வொரு மணி நேரமும் டிரைவரின் பையிலிருந்து போகிறது. இந்த ஏற்பாடு மாறாத வரை “ஜாக்கிரதையா ஓட்டு” என்று சொல்லிப் பயனில்லை. 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக சரக்கு வாகனங்களில் கேபின் ஏசி கட்டாயம் என்பது நல்ல விஷயம், ஆனால் உங்களுக்குக் கிடைக்கப்போவது அநேகமாகப் பழைய வண்டி.

சுகர் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் சட்டென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், யோசனை குழம்பும், ஓட்டும்போது அது வந்தால் ஒதுங்கி நிறுத்தக்கூடத் தோன்றாது. மருந்தை மாற்ற வழி உண்டு, உங்கள் டாக்டரிடம் வேலையைச் சொல்லிக் கேளுங்கள், மறைக்காதீர்கள். அப்புறம் ஒன்றுக்குப் போக இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்துக் கல்லடைப்போடு வருபவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாற்பதில் மாறி நன்றாக ஓட்டுபவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் கேரளாவுக்கு முட்டை லோடு மாதிரி சீக்கிரம் வீடு திரும்புகிற ரூட், இல்லை இரண்டு டிரைவர் உள்ள வண்டி. இருக்கிற வேலையை விடும் முன் ஒன்று செய்யலாம். கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆகாமல் ஹெவிக்கு எல்எல்ஆர் எடுக்க முடியாது. ஆனால் லோடும் சேர்த்து 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை அந்த எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தெரிந்தவர்களின் சின்ன வண்டியில், பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரோடு, சில வாரம் இரவு லோடுக்குப் போய்ப் பாருங்கள். பகலில் உங்களால் தூங்க முடிகிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். முடியவில்லை என்றால் பெரிய வண்டியிலும் முடியாது.

ஓனரிடம் சேரும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள். வடக்கே போகும் லோடுக்கு இரண்டாவது டிரைவர் உண்டா? லோடுக்காக நின்றால் ஹால்டிங் படி உண்டா? ஓவர்லோடுக்கு அபராதம் விழுந்தால் யார் கட்டுவது? இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா? சம்பளத்தையாவது பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். விபத்து என்று வந்தால் அந்த வண்டியில் வேலை பார்த்தீர்கள் என்பதை உங்கள் வீட்டார் காட்ட வேண்டியிருக்கும். “இதெல்லாம் எதுக்குப்பா இப்ப” என்று மழுப்புகிறவரிடம் அட்வான்ஸ் வாங்காதீர்கள். வாங்கிவிட்டால் தூக்கம் வருகிறது என்று சொல்லி வண்டியை ஓரம் கட்டும் தைரியம் வராது.